ஒத்திகைக்கு வந்த நோயாளி

கொலேஹுன் மாவட்டத்து ஆஸ்பத்திரி வாசல்களில் நாலு வருஷத்தில் அறுபது முறைக்கு மேல் மயங்கி விழுந்தவள் யெமா. அதுதான் அவள் வேலை. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பயிற்சி அதிகாரியாக இருந்த பொக்காரி, யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், ஏதாவது ஒரு காலையில் அவளை வாடகை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்புவார். தலைத்துணியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, வாயில் அரைத்த வேர்க்கடலையை அடக்கிக்கொண்டு அவள் போவாள். வாசலில் இறங்கியதும் அதைக் கக்கிவிட்டுச் சரிவாள். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் பாடு. கிட்டே வராமல் நின்று கேள்வி கேட்க வேண்டும், தனிக் கொட்டகையில் உட்கார வைக்க வேண்டும், கவச உடை மாட்டிக்கொண்டு உள்ளே கொண்டுபோக வேண்டும், பிறகு வெளியே வந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் குளோரின் தண்ணீரில் கை கழுவ வேண்டும். பொக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓரமாக நின்று எழுதிக்கொள்வார். எபோலா ஓய்ந்துவிட்டது. ஆனால் லாசா காய்ச்சல் எங்கும் போகவில்லை, வறண்ட மாதங்களில் எலிகளோடு வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்து எது வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

யெமாவைப்போல நடிக்க அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. வாந்தியும் முனகலும் யாருக்கும் வரும். அவள் விக்கினாள். எபோலாவில் கடைசிக் கட்டத்தில் ஒரு விக்கல் வரும், அது நிற்காது. அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொட்டகை பெஞ்சில் சாய்ந்துகொண்டு அவள் விக்க ஆரம்பித்ததும் பழைய நர்சுகளின் முகம் வெளிறிப்போகும். "இது மட்டும் வேண்டாம் யெமா" என்று பொக்காரியே ஒரு முறை கேட்டுக்கொண்டார். அவள் கேட்கவில்லை. தன் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் விக்கித்தான் போனார்கள், நர்சுகளுக்கு அது தெரியத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த எபோலா வருஷத்தில் அவளும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு வந்தவள்தான். அப்போது வார்டில் இடமில்லை, கையுறை இல்லை, பாதி நர்சுகள் செத்திருந்தார்கள், மீதிப் பேர் ஓடியிருந்தார்கள். வெளியே மாமரத்தடியில் ஒன்றரை நாள் கிடந்தாள். ஒருவரும் கிட்டே வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாம் நாள் காலையில் பயிற்சி நர்சுப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது இருக்கும், மாங்காய் பறிக்கிற நீளத் துரட்டியின் நுனியில் ஒரு குவளையை மாட்டி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைத் தூரத்திலிருந்து அவள் வாய் அருகே நீட்டினாள். பாதி கொட்டிப்போனது. திரும்பப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். அன்று முழுக்க அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்தான் ஜெனபா.

யெமா பிழைத்துக்கொண்டாள். ஊர் திரும்பியபோது புருஷன் வீட்டார் அவள் பாயையும் பானையையும் எரித்திருந்தார்கள், வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒரு அறை பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். பக்கத்து அறை ஜெனபாவுடையது. இருவரும் ஒரே அடுப்பில் மரவள்ளிக் கீரை சமைத்தார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நோயாளி வேலை கிடைத்தபிறகு யெமாவைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் குறைந்தார்கள். பொக்காரி அவளைக் கூட்டங்களில் எழுப்பி நிறுத்தி, "நமக்குப் பாடம் சொல்லித் தர்ற அம்மா இவங்க" என்பார். எல்லாவற்றையும் இழந்தவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதை அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் நாலு வருஷத்தில் அவள் முகம் ஊருக்கே பழகிவிட்டது. அவள் மோட்டார் சைக்கிளில் ஏறுவதைப் பார்த்தாலே சந்தையில் மீன் விற்கிறவர்கள், "இன்னிக்கு எந்த ஆஸ்பத்திரில சாவு?" என்று கத்துவார்கள். அவள் போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். தலைமை ஆஸ்பத்திரியின் வாசல் காவலர் ஜூசு அவளைக் கண்டதும் உள்ளே பார்த்து, "யெமா வந்தாச்சு, மாட்டுங்க!" என்று குரல் கொடுப்பார். உள்ளே மாட்டுவார்கள். என்ன மாட்டுவார்கள் என்பது தனிக் கதை.

நல்ல கவச உடைகள் பெட்டி பெட்டியாக ஸ்டோரில் அடுக்கியிருந்தன. சீல் பிரிக்காமல், பூட்டிய கதவுக்குப் பின்னால். சாவி ஸ்டோர் கீப்பர் லஹாயிடம். நிஜமாக நோய் வரும்போது வேண்டுமே என்று பத்திரப்படுத்தியிருந்தான். ஒத்திகைக்கென்று பத்துப் பன்னிரண்டு பழைய உடைகள் இருந்தன. ஒரு முறை போட்டுவிட்டு எரித்துவிட வேண்டிய உடைகள் அவை. அவற்றைத் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டு, கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் 'பயிற்சி' என்று கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். பெட்டியில் இருக்கிற புதிய உடையை யாரும் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. இதை ஒரு கோளாறு என்று மேலே இருப்பவர்கள் யாரும் நினைக்கவில்லை, சிக்கனம் என்று பாராட்டினார்கள்.

ஜெனபா தனிமை வார்டில் நர்சாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கெட்டிக்காரி. ஆனால் ஒத்திகை என்றால் பதறிவிடுவாள். பொக்காரியின் கடிகாரத்தைப் பார்த்தால் வேர்த்துக் கொட்டும். ஜனவரியில் நடந்த ஒத்திகையில் கண்ணாடியைக் கழற்றியதும் வெளிக் கையுறையோடேயே நெற்றியைத் துடைத்துவிட்டாள். மேட்ரன் மஸ்ஸா எல்லோர் முன்னாலும் சொன்னார், "நிஜமா இருந்தா நீ இந்நேரம் செத்தவ. இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா உன்னை இந்த வார்டுல வச்சுக்க மாட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் கர்ப்பிணிகளுக்கு எடை பாக்கப் போயிடு."

அந்த ஜனவரியில்தான் யெமா பொக்காரியிடம் போய், தன் முகம் தேய்ந்துவிட்டது, புதிதாக யாரையாவது அனுப்பினால்தான் ஒத்திகை ஒத்திகையாக இருக்கும் என்று சொன்னாள். நியாயமான பேச்சு. அவரும் ஒப்புக்கொண்டு, தெற்கு மாவட்டத்திலிருந்து பள்ளி ஆசிரியை ஒருத்தியை ஏற்பாடு செய்தார். அவளுக்கு நடிக்கச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு யெமாவுக்கு. ஆகவே நாளும் வேஷமும் பொக்காரிக்கு அடுத்தபடி யெமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை. ஜெனபா சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் யெமா.

"என்னைத் தூக்கி எங்க வைக்கலாம்னு மேட்ரன் பாத்துக்கிட்டு இருக்காங்க. என் மூஞ்சிய நான் தூக்கி வச்சா என்ன? இந்த மாசம் நீ எப்ப வர்றேன்னு நெனச்சாலே சோறு எறங்க மாட்டேங்குது."

"இனிமே நான் வரமாட்டேன்."

"ஏன், நிஜமாவே செத்துட்டியா?"

"வாயப் பாரு. எனக்குப் பதிலா வேற ஒருத்தி."

ஜெனபா நிமிர்ந்தாள். "யாரு?"

யெமா தட்டில் இருந்த மீன் தலையை ஜெனபாவின் பக்கம் தள்ளினாள். சொல்லக் கூடாது என்று தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவள் தன் வாயில் தண்ணீர் ஊற்றியவள். "வியாழக்கிழமை. வெளியூர்க்காரி. மாசமா இருக்கிறவ மாதிரி வயித்துல தலகாணி கட்டிக்கிட்டு வருவா. மூக்குல ரத்தம், செம்பருத்தித் தண்ணிதான். நீ பதறாத. நெத்தில கைய வைக்காத. அவ்வளவுதான்."

"சத்தியமாவா?"

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் பொழப்பு போச்சு. சாப்பிடு இப்ப."

ஜெனபா சாப்பிட்டாள். மீன் தலையைக்கூட விடவில்லை. யெமாவுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பொக்காரியின் ஜீப் டயர் வழியிலேயே பஞ்சராகி, பத்து மணிக்குப் போக வேண்டியவர்கள் பதினொன்றரைக்குத்தான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். ஆசிரியை பின் இருக்கையில் தலையணையோடு வேர்த்துக்கொண்டிருந்தாள். யெமா அவள் மூக்கில் சிவப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். காவலர் ஜூசு ஜன்னலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கு எத்தன பேருங்கய்யா? காலைலயே ஒருத்திய அனுப்பிட்டீங்களே. மாமியாரோட, புருஷனோட, குடும்பமா வந்து எறங்கினாங்க."

பொக்காரி, "நான் யாரையும் அனுப்பலியே" என்றார்.

யெமாவின் கையிலிருந்த சிவப்புத் தண்ணீர்க் குப்பி மடியில் கவிழ்ந்தது. அவள் இறங்கி ஓடினாள்.

தனிமை வார்டுக்கு வெளியே ஆரஞ்சு நிற வலைவேலி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், கவசம் கழற்றுகிற இடத்தில் ஜெனபா நின்றுகொண்டிருந்தாள். முதுகில் 'பயிற்சி' என்று எழுதியிருந்தது. இடது முழங்காலில் ஒட்டியிருந்த டேப் உரிந்து தொங்கியது, அங்கிருந்து கணுக்கால் வரை சிவப்பாக ஊறியிருந்தது. மருந்துத் தண்ணீர் தெளிக்கிற பிரிமா, அவனும் 'பயிற்சி' முதுகோடு, வலது கையுறையில் ஒரு விரல் கிழிந்து, அவள் மீது தெளித்துக்கொண்டிருந்தான். ஜெனபா அவசரப்படவில்லை. கையைக் கழுவினாள். ஏப்ரனைக் கழற்றினாள். கையைக் கழுவினாள். வெளிக் கையுறையைக் கழற்றினாள். கையைக் கழுவினாள். கண்ணாடியைக் கழற்றும்போது முகத்தைக் குனிந்து, கண்ணை மூடி, பின்புறத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கினாள். நெற்றியில் கை போகவில்லை. ஒரு பிழை இல்லை. யெமாவுக்குப் பின்னால் வந்து நின்ற பொக்காரி பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கையைத் தொங்கவிட்டார். கடைசியாகக் கால்பகுதியை உரித்தபோது முழங்காலில் தோல் சிராய்த்திருந்தது. சிமெண்டுத் தரையில் மண்டியிட்ட சிராய்ப்பு. அதன்மேல் அந்தப் பெண்ணின் ரத்தம்.

வந்தவள் பெயர் பைந்து. வைரம் தோண்டுகிற பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள், எட்டு மாதக் கர்ப்பம். அன்று மாலையே குழந்தையோடு செத்துப்போனாள். இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. லாசா.

ஜெனபாவையும் பிரிமாவையும் மூன்று வாரம் பின்கட்டில் தனியாக வைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், ஆறடி தள்ளிப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம். யெமா தினமும் போனாள். முதல் நாள் பிரிமாதான் எல்லாவற்றையும் சொன்னான். அவன் எதையும் சிரிக்காமல் சொல்ல மாட்டான்.

"யெமாக்கா, நீ பாத்திருக்கணும். சிஸ்டர் வாசலுக்கு வந்து பாத்தாங்க. வயிறு, மூக்குல ரத்தம், வெளியூரு. என்னப் பாத்துக் கண்ணடிச்சு, 'பிரிமா, கயித்துல இருக்கிறத எடுத்துட்டு வா'ன்னாங்க. நல்லது எடுக்கவான்னு கேட்டேன். 'ஒத்திகைக்கு நல்லது கேட்டா லஹாய் தலைல அடிச்சுக்குவான், போடா'ன்னாங்க. மாட்டிக்கிட்டோம். சிஸ்டர் கேள்விய எல்லாம் வரிசையா, பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி சத்தமாக் கேக்கறாங்க. ஐயா எங்கயாவது ஒளிஞ்சு நின்னு எழுதறாருன்னு நெனப்பு. அந்த மாமியார் ஒப்பாரி வைக்குது. நான் சொன்னேன், 'இந்த வருஷம் நல்ல ஆளாப் பாத்து எடுத்திருக்காங்க சிஸ்டர், யெமாக்கா கெட்டா போ'ன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பொண்ணு தரையில சரிஞ்சுருச்சு. சிஸ்டர் மண்டி போட்டு உக்காந்தாங்க. தலகாணிய எடுத்துட்டு ஒழுங்காப் படுக்க வைக்கலாம்னு துணிக்குள்ள கைய விட்டாங்க." பிரிமா சிரிப்பை நிறுத்தினான். "உள்ள உதைச்சுதாம்."

ஜெனபா அந்தப் பக்கச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அப்பவே எந்திரிச்சு வந்திருக்கலாம்" என்றாள். "ரத்தம் கொட்டுது. விட்டுட்டு எப்படி வர்றது? மேட்ரன் நல்ல உடுப்பு மாட்டிட்டு வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டுதான இருக்கணும்."

பிரிமா தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் யெமா வேலியருகே நகர்ந்தாள். "நான் போய்ச் சொல்லிடறேன் ஜெனபா. நான்தான் சொன்னேன்னு பொக்காரிகிட்ட சொல்லிடறேன்."

"உக்காரு" என்றாள் ஜெனபா. "அவரு நேத்தே வந்து கேட்டுட்டாரு. நானாத்தான் ஒத்திகைன்னு நெனச்சுக்கிட்டேன்னு சொல்லி, எழுதிக் குடுத்தாச்சு. இப்ப நீ போயி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணு வந்துருவாளா? உனக்கு இருக்கிறது அந்த ஒரு வேல. அதையும் தொலைச்சுக்காத."

யெமா உட்கார்ந்தாள். அங்கேதான் அவள் சறுக்கினாள். உட்காராமல் போயிருக்கலாம்.

அடுத்த நாள் பொக்காரி அவளை அலுவலகத்துக்கு அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை, இரண்டு நாளாகத் தூங்காத முகம். "யெமாம்மா, நாளும் வேஷமும் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்கய்யா" என்றாள் அவள். அவ்வளவு சீக்கிரம் அந்த வார்த்தை வரும் என்று அவளே நினைக்கவில்லை.

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். ஜெனபாவின் கவனக்குறைவு என்று அறிக்கை தயாரானது.

ஏழாம் நாள் பிரிமாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் ஜெனபாவுக்கு. லாசாவுக்கு மருந்து உண்டு, சீக்கிரம் ஏற்றினால் கேட்கும். இருவருக்கும் ஏற்றினார்கள். பிரிமாவின் முகம் வீங்கியது, தொண்டை அடைத்தது. கடைசி இரண்டு நாள் அவன் சிரிக்கவில்லை என்று உள்ளே போய்வந்த நர்சு சொன்னாள். பன்னிரண்டாம் நாள் செத்தான். உடம்பைக் குளிப்பாட்ட வீட்டாரை விடவில்லை. பையில் போட்டு மூடி, நல்ல கவச உடை அணிந்த ஆறு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். லஹாய் அன்றைக்கு ஸ்டோரை அகலத் திறந்து வைத்திருந்தான். அவன் அழுததை யெமா பார்த்தாள். அவனைத் திட்டவேண்டும் என்று தோன்றியது. திட்டுவதற்குத் தனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது.

பிரிமாவின் மனைவி தெவாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அடிகுழாயில் வரிசையில் நின்றுகொண்டே அவள் சபித்தாள். "அந்த ஜெனபா கண்ணடிச்சு என் புருஷனைக் கொன்னா. அவன் நல்ல உடுப்பு எடுக்கவான்னு கேட்டிருக்கான். வேண்டாம்னா. வெளிய வரட்டும், அவ மூஞ்சிலயே கேக்கறேன். அவ நர்சு உடுப்பைப் போட்டுக்கிட்டு இந்த ஊர்ல எப்படி நடக்கறான்னு பாத்துர்றேன்." குடத்தோடு நின்றிருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். யெமாவும் அந்த வரிசையில்தான் நின்றாள். அவள் முறை வந்தது, குடத்தை வைத்தாள், அடித்தாள், தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அறைக்கு வந்தபிறகு அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.

இரண்டு முறை பொக்காரியின் அலுவலக வாசல் வரை போனாள். முதல் முறை அவர் கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கலாம், காத்திருக்கவில்லை. இரண்டாம் முறை உள்ளே போய் நின்றேவிட்டாள். அவள் வாயைத் திறக்குமுன் அவர், "நல்லவேளை வந்தீங்க" என்று அடுத்த ஒத்திகைக்கு ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார். "இப்பதான் உங்க அருமை எல்லாருக்கும் தெரியுது" என்றார். அவள் சரி என்று வந்துவிட்டாள். அங்கே போய் விழுந்தாள். இந்த முறை நர்சுகள் புத்தம்புது உடையில் வந்தார்கள், மாவட்டம் முழுக்க உத்தரவு போயிருந்தது. விக்க முயன்றாள், விக்கல் வரவில்லை. ஒத்திகை முடிந்தது, எழுந்திருங்கள் என்று அவர்கள் சொன்னபிறகும் நெடுநேரம் அந்தப் பெஞ்சிலேயே கிடந்தாள். நடிப்பு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இதற்கிடையில் ஜெனபாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஒரு வாரம் இழுபறியாக இருந்து பிழைத்துக்கொண்டாள். ஆனால் யெமா வேலியருகே போனால் அவள் வெளியே வந்து உட்காருவதில்லை. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டுவாள். யெமா கூப்பிடுவாள், திரும்ப மாட்டாள். "பிரிமா போனது தெரிஞ்சதுலேருந்து இப்படித்தான்" என்றார் மேட்ரன் மஸ்ஸா. "வெக்கமா இருக்கும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றா." காலை ரவுண்டில் முகமூடிக்குள்ளிருந்து நர்சு மூன்று கேள்வி கேட்பாள்: காய்ச்சல் உண்டா, சாப்பிட்டாயா, சிறுநீர் போயிற்றா. ஜெனபாவும் அதே கேள்விகளை எத்தனையோ பேரிடம் கேட்டவள்தான். வரிசையாகப் பதில் சொல்லிவிடுவாள். ஒரு நாள் நர்சு முதல் கேள்வியைக் கேட்டு முடிக்குமுன்பே மூன்று பதிலையும் சொல்லிவிட்டாளாம். வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரம் என்று அந்த நர்சு வெளியே வந்து சொல்லிச் சிரித்தாள்.

ரத்தப் பரிசோதனை இரண்டு முறை சுத்தமாக வந்தது. சனிக்கிழமை அனுப்புகிறோம் என்றார்கள். அதோடு இன்னொன்றும் யெமாவின் காதுக்கு வந்தது. ஜெனபாவை வார்டில் மட்டுமல்ல, எங்கேயும் நர்சு வேலையில் வைத்துக்கொள்வதில்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒரு சாவுக்குக் காரணமானவள் என்று கோப்பில் எழுதியாயிற்று, அவள் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முழுக்க யெமா ஒரு முடிவோடு இருந்தாள். நாளைக்குச் சொல்லிவிடுவது. எல்லோரும் இருப்பார்கள், பொக்காரி, மேட்ரன், தெவாவும் வருவாள். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. இந்த முடிவை அவள் இதற்கு முன்பும் ஏழெட்டு நாள் எடுத்திருந்தாள்.

எபோலா காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம். பிழைத்தவர் வெளியே வரும் நாளில் வேலை செய்கிற அத்தனை பேரும் வாசலில் இரண்டு வரிசையாக நின்று கைதட்டிப் பாடுவார்கள். உள்ளே குளோரின் தண்ணீரில் குளித்து, புதுத் துணி உடுத்தி, அந்த வரிசைக்கு நடுவில் நடந்து வர வேண்டும். முதல் ஆளாக யாராவது ஒருவர் போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும், இனி இவரைத் தொடலாம் என்று ஊருக்குக் காட்டுவதற்காக. அந்த ஆள் யெமாதான் என்று மேட்ரன் சொல்லியிருந்தார். வரிசை சனிக்கிழமையும் நின்றது. சில நர்சுகள் உதட்டை அசைத்தார்களே ஒழிய பாடவில்லை. ஆனாலும் பாட்டு எழுந்தது. பொக்காரி கைதட்டினார். வரிசைக்கு வெளியே தெவா கைகளைக் கட்டிக்கொண்டு, ஜெனபாவின் முகத்தில் கேட்கவேண்டியதைக் கேட்க நின்றுகொண்டிருந்தாள்.

ஜெனபா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நீலமும் மஞ்சளுமான புது இடுப்புத்துணி உடம்பில் நிற்காமல் வழுக்கியது. பாட்டுக்குத் தலையசைக்கவில்லை. ஒவ்வொருவர் வாயையும் உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தெவாவைக் கண்டதும் கால் தயங்கியது. பிறகு யெமாவைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. யெமா முன்னால் போனாள். சொல்லவேண்டிய முதல் வார்த்தை தொண்டைவரைக்கும் வந்திருந்தது.

ஜெனபா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். முகத்தை அவள் தோளில் புதைத்து, வாயைக் காதருகே கொண்டுபோய், ரகசியம் சொல்கிறவளைப்போல, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவருக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நீதான் முன்னாடியே சொன்னேன்னு யார்கிட்டயும் நான் சொல்லல யெமா. கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன். நீ பயப்படாத!"

பாட்டு நின்றது. கைதட்டல் அங்கங்கே தட்டுத் தடுமாறி அடங்கியது. மஸ்ஸா வாயில் கையை வைத்துக்கொண்டார். பொக்காரி யெமாவைப் பார்த்தார். யெமாவுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கூப்பிட்டால் திரும்பாதது, வாயை உற்றுப் பார்த்தது, கேள்விக்கு முன்பே வந்த பதில். லாசா உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போகும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜெனபாவுக்கும் தெரியும். சொன்னால் வெளியே விடமாட்டார்கள் என்று மறைத்திருக்கிறாள். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள் யெமா, ஜெனபாவின் தோளுக்கு மேலாகத் தெவாவைப் பார்த்து. குரல் உடைந்தது. மறுபடியும் சொன்னாள். "நான்தான். அவ மேல தப்பு இல்ல. திங்கக்கிழமையே நான் சொல்லிட்டேன். ஐயா கேட்டப்ப பொய் சொன்னேன்."

தெவா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வரிசை அசையாமல் நின்றது.

யெமாவின் உடம்பு குலுங்குவது ஜெனபாவுக்குத் தெரிந்தது. தன்னைத் திரும்பப் பார்த்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். தோளிலிருந்து முகத்தை எடுக்காமல், நின்றுபோனது தெரியாமல், பழகிய அந்தப் பாட்டின் தாளத்துக்கு, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.